சாயம் போகாத படங்கள்

ஈரோட்டில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: "உலகெங்கிலுமிருந்து வியப்பூட்டும் புகைப்படங்களும் விசித்திரமான கலைப்படைப்புகளும் தினமும் கைப்பேசியில் வந்து குவிகின்றன. பார்த்த நொடியில் பிரமிப்பாக இருக்கிறது. எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்ததும் பெரும்பாலானவை சப்பென்று போய்விடுகின்றன. சில மட்டும், விவரம் தெரிந்த பிறகுதான் இன்னும் அதிகமாகப் பிடிக்கின்றன. இந்த வேறுபாடு எதனால்? எங்கள் வீட்டில் எட்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. அந்தக் கூடத்தைப் பலமுறை எடுத்தும் ஒரு படமும் தேறவில்லை. அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்."

நான் காங்கயத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டுடியோ வைத்திருந்தவன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் அளவுப் படம் என்று பிழைப்பு நடந்தது. கடை சாத்திய பிறகு பிற நாட்டுக் கலைஞர்களின் வேலைகளைத் தேடிப் பார்ப்பது நெடுநாள் பழக்கம். உங்கள் கேள்விக்கான விடையைச் சென்னிமலையில் பெட்ஷீட் வாங்கப் போகும் எங்கள் வீட்டுப் பெண்களிடமிருந்து தொடங்குகிறேன். அவர்கள் கடைக்காரர் சொல்லும் உத்தரவாதத்தைக் காதில் வாங்குவதில்லை. துணியின் ஓரத்தைத் தண்ணீர் தொட்டு நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையை வைத்து அழுத்தித் தேய்ப்பார்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் பெட்ஷீட்டை மடித்து வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். ஒரு படத்தை நனைத்துப் பார்க்கும் தண்ணீர், அது எடுக்கப்பட்ட விதம் பற்றிய விவரம்தான். படத்தின் அழகு முழுவதும் நம் அறியாமையின் மேல் ஏற்றிய பூச்சாக இருந்தால், விவரம் பட்டதும் வெளுத்துவிடும். எடுத்த முறையே படத்தின் பொருளாக நூலுக்குள் இறங்கியிருந்தால், நனைக்க நனைக்க நிறம் கூடும்.

வெளுத்ததற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில், 2009இல் ஓநாய் ஒன்று இரவில் மரப்படலைத் தாண்டிக் குதிக்கும் படம் முதல் பரிசு பெற்றது. அது பழக்கப்படுத்தப்பட்ட ஓநாயாகவே இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவு செய்து, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்தவர் அதை மறுத்தார். எப்படியிருந்தாலும் ஒளியமைப்பிலோ சட்டகத்திலோ ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனாலும் அன்றைக்கு முந்தைய நாள் பார்த்த படத்தை அதற்குப் பிறகு யாராலும் பார்க்க முடியவில்லை. அதே போட்டியில் 2020இல் வென்ற ரஷ்யரான செர்கேய் கோர்ஷ்கோவின் படத்தையும் இதே போல நனைத்துப் பாருங்கள். ரஷ்யாவின் தூரக்கிழக்குக் காட்டில் ஒரு பெண்புலி பழைய மரமொன்றைக் கண்மூடிக் கட்டித் தழுவி நிற்கிறது. அந்தப் படத்திற்காக அவர் பதினொரு மாதங்களுக்கு மேல் தானியங்கிக் கேமராக்களைக் காட்டில் வைத்துக் காத்திருந்தார். புலி தன் வாசனையை மரத்தில் தேய்த்து எல்லை குறிக்கிறதே தவிர மரத்தின் மேல் அதற்கு அன்பு ஒன்றும் இல்லை. இந்த இரண்டு விவரங்களும் தெரிந்த பிறகு படம் சிறுக்கவில்லை, பெருக்கிறது. சத்தியமங்கலம் காட்டுக்குள் வனத்துறையின் தானியங்கிக் கேமரா மரத்தில் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு, ஆள் இல்லாத இடத்தில் கேமரா தனியாகக் கண்விழித்துக் கிடப்பது எவ்வளவு நீண்ட வேலை என்பது சட்டென்று விளங்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தச் சோதனை இன்னும் கறாராகிவிட்டது. 2024இல் மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர், கணினி உருவாக்கிய படங்களுக்கான போட்டிப் பிரிவில் தலையே இல்லாத பூநாரை போன்ற ஒரு படத்தை அனுப்பினார். நடுவர்கள் அதற்கு மூன்றாம் இடம் தந்தார்கள். மக்கள் வாக்கிலும் அதுதான் வென்றது. பிறகு அவரே உண்மையைச் சொன்னார். அது கரீபியன் தீவான அரூபாவில் நிஜமாகவே எடுத்த புகைப்படம். பறவை வயிற்றைச் சொறிவதற்காகக் கழுத்தை மடித்திருந்த நொடி அது. படம் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. நியாயம்தான், பிரிவு தவறு. ஆனால் வெறும் கற்பனை என்று நினைத்தபோது கிடைத்த வியப்பு, உயிருள்ள பறவை என்று தெரிந்ததும் இரட்டிப்பானதை நான் என்னிடத்திலேயே கண்டேன்.

இனி, எனக்கு மிகவும் நெருக்கமான ஒரு வகைக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019 டிசம்பர் 26ஆம் தேதி காலை நம் பகுதியில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. கறுப்புக் கண்ணாடி வாங்கி வைத்திருந்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் சிமெண்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற நாட்களில் இலைகளுக்கிடையே விழும் வெளிச்சத் திட்டுகள் அன்று முதலில் பிறைகளாயின. ஒன்பதரை மணியளவில் நூற்றுக்கணக்கான வளையங்களாகித் தரை முழுவதும் காற்றில் ஆடின. பக்கத்துக் களத்துக்கு வேலைக்கு வந்திருந்த அம்மா ஒருவர் வாசலைத் தாண்டும்போது நின்று, "ஏனுங்க, தரையெல்லாம் வளையலாக் கெடக்குது?" என்று கேட்டார். அதைவிட நல்ல வருணனையை நான் இன்றுவரை எங்கும் படிக்கவில்லை.

இலைகளுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு சிறு இடைவெளியும் ஒரு துளைக் கேமரா. ஒளி நேர்கோட்டில் செல்வதால், துளை எந்த வடிவில் இருந்தாலும், அது போதிய அளவு சிறியதாகவும் தரை போதிய தூரத்திலும் இருந்தால், தரையில் விழுவது துளையின் வடிவம் அல்ல, சூரியனின் உருவம். மரத்தடியில் நாம் தினமும் மிதித்து நடக்கும் வட்டங்கள் அத்தனையும் சூரியனின் படங்களே. கிரகணத்தன்று சூரியன் வடிவம் மாறியதால்தான் நம் கண்ணுக்கு அது உறைத்தது. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு அறிஞர் இப்னு அல் ஹைதம், கிரகணத்தின்போது துளை வழியே விழும் பிறை வடிவத்தைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார்.

கியூபாவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் அபெலார்டோ மொரெல் 1991இல் இந்தப் பழைய உண்மையைக் கையில் எடுத்தார். அறையின் சன்னல்களைக் கறுப்பு பிளாஸ்டிக்கால் மூடி, அதில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான துளை ஒன்றை மட்டும் விடுவார். வெளியிலுள்ள உலகம் முழுவதும் தலைகீழாக வந்து எதிர்ச்சுவரில் படியும். அந்த அறையை அவர் பெரிய கேமராவால் படமெடுப்பார். தொடக்க காலப் படங்களில் ஷட்டர் மணிக்கணக்கில் திறந்தே கிடந்தது. கட்டிலின் மேல் தலைகீழாகத் தொங்கும் நகரமும், மெத்தையின் மடிப்பில் வளைந்து போகும் கட்டடங்களும் கணினி ஒட்டுவேலை என்றே முதலில் தோன்றும். ஒட்டு எதுவும் இல்லை என்றும், அந்த நகரமே துளை வழியாக நடந்து வந்து கட்டிலில் படுத்திருக்கிறது என்றும் அறியும்போது, நாம் தூங்கும் அறையைப் பற்றியே வேறு எண்ணம் வந்துவிடுகிறது.

இதை நம் ஊரில் செய்து பார்க்கப் பெரிய செலவு கிடையாது. என் தம்பியின் தேங்காய்ப் பருப்பு குடோனில் நான் செய்ததைச் சொல்கிறேன். கதவு, காற்றுப்போக்கி எல்லாவற்றையும் தார்ப்பாயால் மூடினோம். காலை நேரமாக இருந்ததால், மேற்குப் பக்கத்துச் சன்னலில் மட்டும் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்குத் துளை விட்டோம். சூரியன் கிழக்கே இருக்கும்போது வெயில் முழுவதும் முகத்தில் படும் காட்சி மேற்கே பார்த்தால்தான் கிடைக்கும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. அங்கேதான் பலரும் சலித்து வெளியே போய்விடுவார்கள். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடமாவது ஆகும். அதன் பிறகு சுவரில் மெல்ல ஒரு நிறம் ஊறும்: கீழே வானம், மேலே களம், களம் முழுக்க வெள்ளையாகக் காயும் பருப்பு, அதைத் திருப்பிப் போட்டபடி கூரையில் கால்பதித்து நடக்கும் பெண்கள். உருவம் இன்னும் கூர்மையாக வேண்டுமென்றால் துளையை இரண்டு அங்குலத்துக்குப் பெரிதாக்கி, கண்ணாடிக் கடையில் பிளஸ் 0.5 பவர் வில்லை ஒன்று வாங்கி அதில் பொருத்துங்கள். அந்த வில்லை தூரத்துக் காட்சியைச் சரியாக 2 மீட்டரில் குவிக்கும் என்பதால், சுவருக்குப் பதிலாக அந்தத் தூரத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டால் போதும். கைப்பேசியைத் தாங்கியில் வைத்து இரவுப் படத்துக்கான அமைப்பில் எடுத்தால் சில நொடிகளில் படம் பதிவாகிவிடும். நாங்கள் எடுத்தபோது வேட்டியின் சரிகைக் கரை படத்தின் குறுக்கே ஓடியது. அதை வெட்டிவிடலாம் என்று என் மகன் சொன்னான், நான் சம்மதிக்கவில்லை. களம் தொங்குவது ஒரு வேட்டியில்தான் என்பதை அந்தக் கரைதானே சொல்கிறது?

நேரத்தையே பொருளாக்கிய படங்களில் ஜப்பானியரான ஹிரோஷி சுகிமோடோவின் திரையரங்குப் படங்களுக்கு நிகராக எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய வரிசை அது. படம் தொடங்கும்போது ஷட்டரைத் திறந்து, முடியும்போது மூடுவார். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை நொடிக்கு 24 சட்டகம் என்று கணக்கிட்டால் 2,16,000 சட்டகங்கள். அழுகையும் சண்டையும் பாட்டும் அத்தனையும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, திரை வெறும் வெள்ளைச் செவ்வகமாக ஒளிர்கிறது. அந்த ஒளியில்தான் அரங்கின் தூண்களும் காலியான இருக்கைகளும் தெரிகின்றன. விவரம் அறியாதவர் இதை ஒரு பழைய கட்டடத்தின் படம் என்று கடந்து போவார். அறிந்தவருக்கு அந்த வெண்மைக்குள் ஒரு முழுக் கதை புதைந்து கிடப்பது உறுத்திக்கொண்டே இருக்கும். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கட்டிய வெரைட்டி ஹாலில் இருந்து கணக்கெடுத்தால், கோயம்புத்தூருக்கு நிலையான திரையரங்கு வந்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் பக்கத்து ஒற்றைத் திரையரங்குகள் கல்யாண மண்டபமாக மாறுவதற்கு முன் யாராவது ஒருவர் இப்படி எடுத்து வைத்திருந்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. எடுக்காதவர்களில் நானும் ஒருவன்.

குறிப்பிட்ட ஓர் இடத்தில் நின்றால் மட்டுமே கூடிவரும் ஓவியங்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஃபெலிச்சே வரீனி 2018இல் பிரான்சின் கார்கசோன் கோட்டையில் மஞ்சள் நிற வட்டங்களை அமைத்தார். கோட்டை வாசலருகே ஒரு புள்ளியில் நின்றால் ஒன்றுக்குள் ஒன்றாகச் சீரான வட்டங்கள். இரண்டடி நகர்ந்தால் மதில்களிலும் கோபுரங்களிலும் சிதறிய மஞ்சள் கீற்றுகள். பழமையான கோட்டையைக் கெடுத்துவிட்டார் என்று உள்ளூரில் பலர் கொதித்தார்கள். இந்த வித்தை புதிதும் அல்ல. 1533இல் ஹான்ஸ் ஹோல்பைன் தீட்டிய இரு தூதர்களின் ஓவியத்தில், அவர்கள் காலடியில் இழுபட்டுக் கிடக்கும் ஒரு வடிவம் ஓரத்தில் நின்று சாய்ந்து பார்த்தால் மண்டையோடாகிறது. இந்த வகை எனக்குப் பாதிதான் பிடிக்கும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். புள்ளி கிடைத்ததும் வேலை முடிந்துவிடுகிறது. ஹோல்பைனிடம் மட்டும், பகட்டான உடைகளை நேரே பார்க்கும் வரை சாவு தெரியாது, சாவைப் பார்க்கப் போனால் உடைகள் தெரியாது என்ற பொருள் கோணத்துக்குள்ளேயே இருப்பதால் அது நிற்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு வேலை நம் நாட்டிலேயே நடந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, திருச்சி, தஞ்சை என்று சுற்றிப் படமெடுத்தவர். நாமக்கல் உள்ளிட்ட நம் பக்கத்து ஊர்களையும் அடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்துக்கும் அவரது தொகுப்பு ஒன்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை, நடந்து நடந்து 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். எந்த இடத்தில் நின்றாலும் ஒருசேரத் தெரியாத ஒன்றைக் காகிதம் காட்டியது. மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களைத் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில் ஒருவர் அடியடியாக நகர்ந்திருக்கிறார் என்பதை நினைத்தபடி அந்த எழுத்துக்களைப் பார்க்க வேண்டும்.

பொருளே கருத்தாகும் வகைக்கு பிரேசிலின் விக் முனீஸ் ஒருவரைச் சொன்னால் போதும். கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் குழந்தைகளை கரீபியன் தீவொன்றில் சந்தித்துப் பழகிய அவர், 1996இல் அவர்கள் முகங்களைக் கறுப்புத் தாளின் மேல் சர்க்கரையைத் தூவியே வரைந்து, அதைப் படமெடுத்தார். தூரத்தில் பார்த்தால் மங்கலான கறுப்பு வெள்ளைப் புகைப்படம். நெருங்கினால் ஒவ்வொரு கன்னமும் பரல் பரலாகச் சர்க்கரை. பெற்றோரை உழைப்பால் கசக்கிப் பிழிந்த அதே பொருளில் பிள்ளைகளின் சிரிப்பு கிடக்கிறது. கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலையில் கொப்பரைச் சூட்டருகே பிள்ளையை உட்காரவைத்துவிட்டு வேலை செய்பவர்களைப் பார்த்த எவருக்கும் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

பிரிட்டனைச் சேர்ந்த ஆண்டி கோல்ட்ஸ்வர்தி செய்யும் ஒன்றையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். மழை தொடங்கும்போது தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். தரை நனைந்ததும் எழுவார். அவர் கிடந்த இடம் மட்டும் மனித வடிவில் உலர்ந்து தெரியும். அதைப் படமெடுப்பதற்குள் அடுத்த தூறல் அழிக்கத் தொடங்கிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் நமக்கு இந்த வாய்ப்பு ஆண்டில் சில நாள்தான் வாய்க்கும். தாராபுரம் பக்கம் இருப்பவர்கள் படுத்துக் காத்திருக்கத் தனிப் பொறுமை வேண்டும்.

இப்போது உங்கள் தறிக் கூடம். அதற்கு முன் ஒரு கதை. ஆர்தர் வொர்திங்டன் என்ற ஆங்கில இயற்பியலாளர், சொட்டு ஒன்று விழுந்து தெறிக்கும் வடிவத்தை மின்பொறி வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துப் பல ஆண்டுகள் வரைந்தார். அவர் வரைந்தவை அனைத்தும் சமச்சீரான கிரீடங்கள். 1894இல் அதையே புகைப்படமாக எடுத்தபோது, ஒரு தெறிப்பும் அப்படிச் சீராக இல்லை என்று தெரிந்தது. தான் இத்தனை நாள் பார்த்தது தன் மனத்திலிருந்த தெறிப்பை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். பின்னாளில் அமெரிக்காவில் ஹெரால்ட் எட்ஜர்டன் நொடியின் சிறு பங்கில் மின்னி மறையும் விளக்கொளியைக் கொண்டு பால்துளியை ஆண்டுக்கணக்கில் எடுத்து, 1957இல் அந்தப் புகழ்பெற்ற சிவப்புப் பின்னணிக் கிரீடத்தை அடைந்தார். அதிலும் விளிம்பில் நிற்கும் துளி முத்துக்கள் முழுச் சீராக இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால் காணலாம்.

உங்கள் படங்கள் தேறாததற்குக் காரணம், ஓடும் தறியை நீங்கள் உறையவைக்க முயல்வதாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஊடை நூலைச் சுமந்து நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் குறுக்கே ஓடும் நாடாவை நின்ற நாடாவாகக் காட்டினால், அது பழுதாகி நின்ற தறியைப் போலத்தான் இருக்கும். ஷட்டரை ஒரு நொடி, இரண்டு நொடி திறந்துவிட்டுப் பாருங்கள். நூலை அடித்து நெருக்கும் அச்சும் நாடாவும் புகையாகக் கலைய, அறுந்த பாவு நூலை முடிச்சுப் போடக் குனிந்து அசையாமல் நிற்பவர் மட்டும் தெளிவாகப் பதிவார். எட்டுத் தறியும் ஓடினால் தரையே அதிரும். கேமராத் தாங்கியின் கால்களுக்குக் கீழே மடித்த சாக்குகளை வையுங்கள், அல்லது சுவரில் இறுக்கிய பலகை மேல் வையுங்கள். வேகமாக எடுக்கும்போது படத்தில் குறுக்குக் கோடுகள் விழுந்தால் அது குழல் விளக்கின் குற்றம்: நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, விளக்கு 100 முறை கூடிக் குறைகிறது, ஆகவே ஷட்டரை நூறில் ஒரு பங்கு அல்லது ஐம்பதில் ஒரு பங்கு நொடியில் வைத்தால் கோடுகள் மறையும்.

இன்னொன்று, நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் இதைத்தான் எடுப்பேன். தகரமோ சிமெண்ட் அட்டையோ போட்ட கூடமென்றால் கூரையில் ஆணித் துளைகள் நிச்சயம் இருக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை செய்யும் நாளில், தறிகள் நின்று விளக்கும் அணைந்த நண்பகலில் உள்ளே போய் நில்லுங்கள். பஞ்சுத் தூசியில் ஒளிக்கம்பிகள் இறங்கி, பாதி நெய்த துணியின் மேல் வட்டங்களாக விழுந்திருக்கும். துணியிலிருந்து கூரை 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஒவ்வொரு வட்டமும் 4 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அவை சூரியனின் உருவங்கள், மேகம் கடந்தால் மேகமும் அதற்குள் ஊர்ந்து போவதைக் காணலாம். ஒரு நிமிடத்தில் அவை இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் துணியின் மேல் நகரும். தாங்கியை ஒரே இடத்தில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு படமாக ஒரு மணி நேரம் எடுங்கள். படங்களைப் பார்த்ததும் கூரையில் எத்தனை ஓட்டை என்று உங்கள் அப்பா எண்ணத் தொடங்கிவிடுவார். கிரகணம் ஒன்று நம் பக்கம் வரும்வரை அவற்றில் இரண்டையாவது அடைக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.